சின்ன விமானத்துக்கும் ஓர் இடம்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸில், 3,352 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஓர் ஓடுபாதை இருக்கிறது. பயணிகளையும் தொழிற்பேட்டையின் மின்னணுச் சரக்கையும் சுமக்கும் ஜெட் விமானங்களுக்காக அளந்து போட்ட நீளம் அது. நான்கு பேர் உட்காரக்கூடிய செஸ்னா 172 அதே ஓடுபாதையில் கிளம்பினால், ஏறத்தாழ 300 மீட்டர் ஓடுவதற்குள் தரையை விட்டுவிடும். மீதி மூன்று கிலோமீட்டர் அதற்குத் தேவையில்லை. அது யாரையும் எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சரக்கு ஏற்றுவதில்லை. ஒரு மணி நேரம் போல வானில் இருந்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது.

நாங்கள் சிலர் பணம் போட்டு வைத்திருப்பது அப்படி ஒரு பழைய விமானம். குடும்ப விசேஷங்களில் என்னைப் பார்த்தால் தாய்மாமன் ஒருவர் தவறாமல் விசாரிப்பார்.

"ஏன் தம்பி, போன வாரம் பிளேன்ல எங்க போய்ட்டு வந்தே?"

"எங்கயும் போகலை மாமா. மேல ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்."

"அதுக்கா இம்புட்டுக் காசு?"

அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை. தோட்டத்தில் பால்வெட்டி, குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறையின் கேள்வி அது. செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

*

வடகிழக்கு நோக்கிக் கிளம்பினால், சக்கரம் தரையை விட்ட சில நொடிகளில் மூக்குக்குச் சற்று வலப்பக்கமாகக் காடு மூடிய தீவு ஒன்று எழுந்து வரும். புலாவ் ஜெர்ஜாக். வடக்கே 1985-இல் திறந்த பினாங்குப் பாலமும் தெற்கே 2014-இல் திறந்த இரண்டாம் பாலமும் அதை இரு பக்கமும் காவல் நிற்பதுபோலத் தெரியும். நம்மவர்கள் பினாங்கைப் பார்ப்பதற்கு முன் பார்த்த மலாயா இந்தத் தீவுதான். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த தொழிலாளர்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சி இங்கேதான் இறக்கி அடைத்துவைத்தார்கள். அதே தீவில் தொழுநோயாளர் விடுதி இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் இருந்தது.

1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜுலா' கப்பலை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேல்தளத்தில் பாய் விரித்து, ஆயிரக்கணக்கானவர்களோடு நெருக்கிப் படுத்து, ஒரு வாரம் போலக் கடலில் கிடந்து வந்தவர்களுக்கு, எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு உயரத்தில் போவது, எப்போது திரும்பிவருவது என்று தாமே தீர்மானிக்கும் பயணம் ஒன்று இருக்க முடியும் என்பதே தோன்றியிருக்காது. அவர்கள் வந்ததும் ஒருவர் கணக்கில், தங்கியதும் ஒருவர் கணக்கில், திரும்பிப் போனதும் ஒருவர் கணக்கில்.

அவர்களுடைய பேரப்பிள்ளை ஒருவன் ஜெர்ஜாக்கின் மேல் இடப்பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறான். வலக்கையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் குமிழ், இடக்கையில் விமானத்தைத் திருப்பும் பிடி. இந்த ஒரு திருப்பத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். அதைக் காசில் சொல்ல முடியாது என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

*

சொந்தமாகச் சின்ன விமானம் ஓட்டும் ஆசைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 1925 பிப்ரவரி 22. ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தாம் வடிவமைத்த மாத் என்ற இரண்டு இருக்கை விமானத்தை அன்று முதன்முதலாகப் பறக்கவிட்டார். மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்தது. இறக்கைகளைப் பின்னால் மடித்துக் கார் கொட்டகையில் நிறுத்தலாம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். அதற்கு முன் விமானம் என்றால் பெரும்பாலும் படைக்கு உரியது. மாத் வந்த பிறகு, தேர்ந்த விமானியல்லாத சாதாரண ஆளும் அதை ஓட்டலாம் என்று ஆயிற்று. பிரிட்டிஷ் அரசு பண உதவி செய்ய, பறப்புக் கழகங்கள் முளைத்தன. ஒரு விமானத்தைப் பலர் சேர்ந்து வைத்துக்கொண்டு, மணிக் கணக்குக்கு வாடகை கட்டி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது.

அந்த அலை மலாயாவுக்கும் வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று 1930-களில் கழகங்கள் இயங்கின. பாயான் லெப்பாஸ் விமானத்தளம் 1935-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் 'டொராடோ' விமானம் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்கு அஞ்சல் கொண்டுபோனது. 1937 ஜூனில் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு மூன்றையும் இணைத்து உள்நாட்டுச் சேவை தொடங்கியது. இந்தத் தீவில் சின்ன விமானமும் பெரிய விமானமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. ஒன்று மூத்தது, மற்றது ஒண்டவந்தது என்ற கதை இங்கே செல்லாது.

அந்தக் கழகங்களில் பறந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைகள், அதிகாரிகள், வசதியுள்ள வணிகர்கள். ரப்பர் மரத்தடியில் நின்ற நம்மவர்களுக்கு வானம் அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டும். அப்படிப் பார்ப்பதற்கும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின் மேல் வந்தபோது, ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அறியாமல் தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஏராளம். குண்டுகள் அவர்கள் மேலேயே விழுந்தன. கழகங்களில் பொழுதுபோக்காக ஓட்டக் கற்றவர்கள் மலாயாத் தொண்டர் விமானப் படையில் சேர்ந்து, அதே மெல்லிய விமானங்களில் வேவு பார்த்தார்கள், செய்தி கொண்டுபோனார்கள். விளையாட்டாகக் கற்ற ஒன்று ஆபத்தில் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு இந்தத் தீவின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

*

நம் இலக்கியத்தில் தனியாள் விமானம் ஒன்று இருக்கிறது. திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கிறான். பழந்தமிழர் விமானம் கட்டினார்கள் என்று நிறுவ மேடைகளில் இதைச் சொல்வார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. என்னை நிறுத்துவது வேறு ஒன்று. பொறியைச் செய்ததும் அரசன் கருவுற்ற மனைவி விசயையை அதில் ஏற்றி அனுப்பிவிடுவதில்லை. அதை இயக்க அவள் முதலில் பழகுகிறாள். ஆபத்து வரும் நாளில் அவள் தனியாக ஓட்டிப் போகிறாள். இறங்குவதோ சுடுகாட்டில். ஏறுவதற்குப் பழக்கம் வேண்டும், இறங்கும் இடம் நாம் கேட்டபடி அமையாது என்ற இரண்டையும் விமானத்தையே கண்டிராத ஒரு கவி எண்ணிப் பார்த்திருக்கிறார். விமானம் ஓட்டக் கற்கிறவருக்கு முதல் நாள் சொல்லவேண்டிய இரண்டு பாடங்களும் அவைதான்.

நம் காலத்துக்கு வந்தால், கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் இருக்கிறார். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், குரோய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். மலாயாவில் ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும் வைத்திருந்தார். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தினார். செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக நின்ற பினாங்குத் தெருவில் இன்று நடக்கிறவர்களுக்கு, அந்தச் சமூகத்தில் ஒருவர் விமானியாகவும் இருந்தார் என்பது புதுச் செய்தியாக இருக்கலாம். தம் செல்வத்தைக் கல்விக்குக் கொடுத்தவராகத்தான் உலகம் அவரை அறியும். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்பது அந்த நிலையம் தொடர்ந்து ஆராயும் பொருள்களில் ஒன்று. கடற்காற்றில் நிற்கும் விமானத்தை வைத்திருக்கிற எவருக்கும் அதன் அருமை தெரியும்.

உஷா சுந்தரத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூர் ஜக்கூரில் பயின்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பெயர் பெற்றவர். 1951-இல் கணவர் வி. சுந்தரத்தோடு, சென்னை அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். மயிற்பொறியில் பழகிய விசயையைப் பாடநூலில் படிக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு உஷா சுந்தரத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

*

விமானம் வைத்திருப்பது என்றால் என்ன? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது செல்வத்தின் அடையாளம். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பராமரிப்பு.

செஸ்னா 172 முதன்முதல் பறந்தது 1955-இல். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அமெரிக்காவில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் பெருகியதால் 1986-இல் உற்பத்தி நின்றது. சட்டம் திருத்தப்பட்ட பிறகு 1996-இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் கழகங்களிலும் தனியாரிடமும் இருப்பவற்றில் பல, ஓட்டுகிறவர்களைவிட மூத்த விமானங்கள். விமான உடலுக்கு ஒரு பதிவேடு, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. எப்போது எந்த உருப்படியைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்பது முதல் நாளிலிருந்து அவற்றில் இருக்கும். புரட்டினால் நாம் பார்த்தேயிராத மெக்கானிக்குகளின் கையெழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். உரிமையாளர் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வரை காத்து வைத்திருப்பவர்தான் நாம்.

இங்கே அந்தக் காவல் எளிதில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது. உப்பு அலுமினியத்தின் மூட்டுகளுக்குள் புகுந்து வேலை செய்யும். எரிபொருள் தொட்டி பாதி காலியாக இருந்தால் ஈரம் உள்ளே நீராய்ப் படியும். அதனால் ஒவ்வொரு தடவை பறப்பதற்கு முன்பும் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிறு குப்பியில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். விமானப் பெட்ரோலுக்கு நீல நிறச் சாயம் போட்டிருக்கும். நீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும். எஞ்சின் மூடிக்குள் மைனா கூடு கட்டியிருக்கிறதா, காற்றின் வேகத்தை அளக்கும் குழாயைக் குளவி அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். இறக்கையின் முன்விளிம்பைக் கையால் தடவிப் பார்ப்போம். மாட்டைப் பிடித்துப் போகும் முன் அதன் காலையும் குளம்பையும் தடவிப் பார்க்கிற உழவனின் கைப்பழக்கம் போன்றது இது.

பறக்காமல் நிறுத்திவைத்த எஞ்சின்தான் சீக்கிரம் கெடும். எண்ணெய் வடிந்துபோன உள்பாகங்களில் ஈரம் ஏறித் துரு பிடிக்கும். ஆகவே விமானத்தைக் காப்பாற்ற ஒரே வழி அதைப் பறக்கவிடுவதுதான். பெட்டியில் பூட்டிவைத்த நகை வேறு, இது வேறு. ஒருவர் மட்டும் வைத்திருந்தால் நின்று துருப்பிடிக்கும் பொருள், பலர் சேர்ந்து வைத்திருந்தால் ஓடி நல்ல நிலையில் இருக்கிறது. பகிர்ந்துகொள்வதே பராமரிப்பாகிவிடும் பொருள்கள் உலகில் அதிகம் இல்லை.

*

பினாங்கின் வெயிலும் ஒரு வாத்தியார். பகலில் 32 பாகை வெப்பத்தில் காற்று இளகி நிற்கும். விமானங்களின் செயல்திறன் 15 பாகை வெப்பத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்பட்டது. கடல்மட்டத்தில் இருக்கும் பாயான் லெப்பாஸ், அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருக்கும் தளத்தைப் போலத்தான் விமானத்துக்குத் தெரியும். பினாங்கு மலையின் உயரத்தில் முக்கால் பங்கு அது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். காலையில் நான்கு பேரைச் சுமந்து ஏறிய விமானம் மதியத்தில் அதே சுமையோடு தயங்கும்.

இந்த ஊரின் புழுக்கத்தில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி உருவாகும் என்றால் நம்புவீர்களா? கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பம் 20 பாகைக்கு மேலும் இறங்கிவிடக்கூடும். ஈரம் மிகுந்த காற்றில் அந்தக் குளிர்ச்சி பனியாகப் படிந்து எஞ்சினின் தொண்டையை அடைக்கும். பனியையே பார்த்திராத ஊரில் பறக்கிறவரும் பனிக்கு அஞ்ச வேண்டும். வெந்நீர்க் குளியல் போல இருக்கும் காற்றிலும் சூடேற்றும் குமிழைக் கை மறக்கக் கூடாது.

எஞ்சின் நின்றுவிட்டால் செஸ்னா கல்லைப் போல விழாது. ஓர் அடி இறங்கினால் ஒன்பது அடி முன்னே போகும். 3,000 அடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் கையில் இருக்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடல் மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர் போலத்தான். ஆகவே எந்த உயரத்தில் கடலைத் தாண்டுவது என்பது கணக்கு. எப்போதும் ஒரு கரை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் வானிலை. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து விடியலுக்கு முன் வரிசையாக வரும் சூறைக்காற்றை இங்குள்ள மீனவர்கள் அறிவார்கள். பிற்பகலில் மலைமேல் இடிமேகம் குவியும். சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடும். 1997, 2015 ஆண்டுகளை யாரும் மறக்கவில்லை. அந்த நாள்களில் கண்ணால் பார்த்து ஓட்டும் விமானி தரையில்தான் இருக்க வேண்டும். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். அதன் போர்விமானங்களும் பாயான் லெப்பாஸின் பயணிகள் விமானங்களும் நெருங்கிப் பறக்கும் வானம் இது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒவ்வோர் உயரத்துக்கும் ரேடியோவில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பெரிய ஜெட் கிளம்பினால் அதன் இறக்கைநுனிகள் கிளப்பிவிட்ட சுழல் அடங்கும் வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே சின்ன விமானம் கற்றுத்தருகிற முதல் பெரிய பாடம் வேண்டாம் என்று சொல்வது. விமானம் நன்றாக இருக்கிறது, பணம் கட்டியாயிற்று, நண்பர் மனைவி மக்களோடு வந்து நிற்கிறார், மேற்கே மேகம் கறுக்கிறது. இன்று வேண்டாம். அதைச் சொல்லும்போது யாரும் கை தட்ட மாட்டார்கள். திரும்பி வீட்டுக்குப் போகும் காரில் எல்லாரும் பேசாமல் வருவார்கள். பயணிகள் விமானத்தின் விமானிக்கு இந்த முடிவில் துணை நிற்க ஒரு நிறுவனமே இருக்கிறது. சின்ன விமானத்தில் அது தனி ஆளின் முடிவு. தன் ஆசையைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்புச் சொல்லும் பழக்கம், தரையில் வாழும் வாழ்க்கைக்கும் உதவுகிறது. கோபத்தில் அனுப்ப இருந்த கடிதத்தை, கடன் வாங்கிச் செய்ய இருந்த ஆடம்பரத்தை, நிறுத்திவைக்கும் அதே தசைதான் இது என்று நான் கண்டுகொண்டேன்.

*

அனுமதி கிடைத்து, வானம் தெளிந்து, வடக்கே திரும்பும் நாள் ஒன்று வாய்த்தால், கால் மணி நேரத்தில் கெடா சமவெளியில் தனியாக நிற்கும் மலை ஒன்று கண்ணை நிறைக்கும். குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த இடம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கைக்கொண்ட துறைமுகங்களில் ஒன்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வணிகர்கள் வங்கக் கடலைத் தாண்டி வந்த துறை.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் செங்கல் அடித்தளங்களைப் பார்க்கும்போது எனக்குப் புரியாத ஒன்று வானிலிருந்து பார்த்தபோது புரிந்தது. ஏன் இந்த இடம்? சுற்றிலும் தட்டையான நெல்வயல், சேற்றுக்கரை, அலையாத்திக் காடு. நடுவே இந்த ஒரு மலை. மேற்கிலிருந்து வரும் எந்த மரக்கலத்துக்கும் கரைக்கு வெகு முன்பே தெரிகிற ஒரே அடையாளம் அது. அடிவாரத்தில் மெர்போக் ஆறு வாய்திறந்து கிடக்கிறது. மலை கூப்பிடுகிறது, ஆறு உள்ளே விடுகிறது. பத்து நூற்றாண்டுக்கு முந்தைய மாலுமி நம்பி வந்த அதே மலையைத்தான் இன்று வரைபடத்தை மடியில் வைத்திருக்கும் விமானியும் வழிகாட்டியாகக் கொள்கிறார். ஜெட் விமானத்தில் 35,000 அடியில் போனால் இது மேகத்தின் கீழே ஒரு பச்சைப் புள்ளி. காரில் போனால் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மேடு. 2,000 அடியில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் அதன் வரலாறு அளவோடு கண்ணில் விழுகிறது.

பினாங்கையும் அப்படித்தான் முழுதாகக் காண முடிகிறது. தெற்கே கடலில் மண்கொட்டி எழுப்பும் செயற்கைத் தீவு, அதற்குப் பக்கத்தில் மீனவர்களின் படகுகள். தொழிற்சாலைக் கூரைகளின் வெள்ளை. மலைமுதுகின் மறுபக்கம் பாலிக் புலாவின் பழத்தோட்டங்கள். பார்த்தால் ஊர் மேல் பொறுப்பு வருகிறது. எந்த மலைச்சரிவு புதிதாகச் சிவந்திருக்கிறது, எந்த ஆற்றுவாய் கலங்கிப் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாததுபோல இருக்க முடியாது.

*

எதிர்வாதங்கள் உண்டு. அவை நியாயமானவை. பழைய விமான எஞ்சின்கள் குடிக்கும் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டருக்கு மேல் எரிகிறது. இதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. மாற்றுவழிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஈயமில்லாத விமானப் பெட்ரோல் ஒன்றுக்கு அமெரிக்க விமானத் துறை 2022-இல் பரந்த அனுமதி தந்தது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் கார் பெட்ரோலிலேயே ஓடும். பிப்பிஸ்ட்ரல் நிறுவனத்தின் இரண்டு இருக்கை மின்விமானம் 2020-இல் ஐரோப்பாவில் சான்றிதழ் பெற்றது. மின்கலத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பறக்கும். ஆனால் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கப் பழகுகிறவருக்கு அது போதும். தூய்மையான பறத்தல் முதலில் சாத்தியமாவது சின்ன விமானத்தில்தான்.

பணக்காரர்களின் விளையாட்டு என்பது அடுத்த வாதம். தனியாளாக வாங்கினால் அப்படித்தான். கழகமாகச் சேர்ந்தால் அப்படி இல்லை. பன்னாட்டு விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். வயது 17 ஆகியிருக்க வேண்டும். உடல் தகுதி வேண்டும். செலவு குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொட்டுவதை நினைத்துப் பார்த்தால், எட்டாத உயரமும் இல்லை. நூறு ஆண்டுக்கு முன் மாத் விமானத்தோடு பிறந்த கழகம் என்ற எண்ணமே, ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து செய்வதற்காகத்தான்.

அந்தக் கழகங்களுக்குத்தான் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கோலாலம்பூரின் சுங்கை பெசி தளத்தில் பல பத்தாண்டுகள் இருந்த சின்ன விமானங்களுக்கு, 2018-இல் தளம் மூடப்பட்டபோது அங்கிருந்து கிளம்ப நேர்ந்தது. நகரின் நடுவிலிருந்த அந்த நிலத்துக்கு வேறு திட்டம் வந்துவிட்டது. பினாங்கு விமான நிலையமும் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகள் என்ற அளவைத் தாண்டி விரிகிறது. விரியட்டும். ஊருக்கு அது தேவை. ஆனால் விரிவாக்க வரைபடத்தைத் தீட்டுகிறவர்கள், ஒரு மூலையில் சின்ன விமானங்கள் நிற்க நாலைந்து கொட்டகைக்கும், ஒரு வகுப்பறைக்கும், வேலிக்கு வெளியே பிள்ளைகள் நின்று பார்க்க ஒரு மேட்டுக்கும் இடம் விட வேண்டும். இந்தத் தளம் திறந்த காலத்திலிருந்தே இங்கே சின்ன விமானங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் காணாமல் போய்விடும்.

என் மாமாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இந்தக் காசுக்கு நான் வாங்குவது பயணம் இல்லை மாமா. பொருளைக் காக்கும் பொறுமை, வேண்டாம் என்று சொல்லும் தெளிவு, ஊரை முழுதாகப் பார்க்கும் கண். மூன்றும் சந்தையில் கிடைக்காது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் விமானச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடும் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள பறப்புக் கழகத்துக்கு அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டு, ஒரு விமானத்தின் இறக்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கே போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளை நாம் கேட்க வேண்டும்.